காலாவதி தேதிக்குள் தீர்த்த மாத்திரைகள்

கட்டமஞ்சி, சித்தூர்
வெள்ளிக்கிழமை காலை

சௌபாக்கியவதி ரேகாவுக்கு உன் நைனா நாகபூஷணம் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நான், சுவரில் உன் அம்மா, மாடியில் நீ வைத்துவிட்டுப் போன கற்றாழை, மூவரும் சௌக்கியம். அவ்விடம் அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளை வெங்கட்டும் குளிர் தாங்கி நன்றாக இருக்க வேண்டுமென்று நம் கங்கம்மாவை வேண்டிக்கொள்கிறேன். இதை ஏன் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை என்று கேட்பாய். அனுப்பினால் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுவாய். இந்தச் சங்கதிக்குக் கட்டைவிரல் பத்தாது.

சங்கதி இதுதான்: இனிமேல் எனக்கு மாத்திரைப் பார்சல் அனுப்பாதே. பதறாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மருந்தால் கல்லீரல் கெட்டுப்போவதைப் பற்றி திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி செய்கிறாள். "உங்க பொண்ணுக்கு நீங்களே எழுதிடுங்க சார், இல்லன்னா நான் எழுதுவேன்" என்று மிரட்டிவிட்டாள். அவள் எழுதினால் இங்கிலீஷில் எழுதுவாள், படித்ததும் உனக்கு மயக்கம் வரும். அதனால் நானே எழுதுகிறேன்.

மூட்டுக்கு மஞ்சள் கேப்ஸ்யூல், தூக்கத்துக்கு அஸ்வகந்தா, கொழுப்புக்குப் பச்சைத் தேயிலை மாத்திரை என்று நீ வரிசையாக அனுப்பினாய் அல்லவா? ஒவ்வொரு தடவையும் கூரியர் ரமணா கேட்டுக்கு வெளியே நின்று, "சார், மீ அம்மாயி பார்சல் பம்பிந்தி!" என்று, உங்க பொண்ணு பார்சல் அனுப்பியிருக்குது என்பதைத் தெலுங்கில் தெருவே கேட்கும்படி கத்துவான். இன்னும் ரெண்டு பேர் கேட்கட்டும் என்று நானும் மெதுவாகத்தான் கேட்டைத் திறப்பேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் நீ கேட்பதும் ஒரே கேள்வி, "மாத்திரை போட்டுக்கினியா நைனா?" போட்டுக்கினேன் என்பேன். பேச்சு முடிந்தது. இதில் என்ன வந்ததென்றால், டப்பாக்கள் சேர்ந்துபோய்ச் சிலவற்றுக்குக் காலாவதி தேதி நெருங்கிவிட்டது. நான் யார்? மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் ஆயுசு முழுக்க ஸ்டோர் கீப்பர். என் கோடவுனில் ஒரு டின் தேதி தாண்டியது என்று எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம். தேதி கிட்டத்தில் இருப்பது முன்வரிசை, முன்வரிசை முதலில் வெளியே போகணும், எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான். மகள் அனுப்பியது குப்பைக்குப் போவதா? ஒன்று போட வேண்டிய இடத்தில் ரெண்டு, ரெண்டுக்கு நாலு, அப்படியே கூட்டிக் கூட்டிப் போட்டு எல்லாவற்றையும் தேதிக்குள் தீர்த்துக்கொண்டு வந்தேன். ஸ்டாக் சுத்தம், கல்லீரல்தான் அசுத்தம்.

முதலில் கண்டுபிடித்தவன் எதிர்வீட்டுத் தையல்கடை சலீம். சட்டைக்கு அளவெடுக்க நிமிர்ந்தவன் டேப்பைக் கீழே போட்டான். "இன்னா சார், மாங்கா சீசன் முடிஞ்சி எவ்ளோ நாளாச்சி, உங்க கண்ணுல மட்டும் பழுத்துக்கினு கீது?" என்றான். நம்ம பக்கம் காமாலை என்றால் முதலில் பச்சிலைச் சாறு, டாக்டரெல்லாம் அப்புறம்தானே? கங்காதர நெல்லூரில் செங்கல்வராயன் என்பவரிடம் பைக்கில் அழைத்துப்போனான். அவர் ஒரு கசப்புச் சாற்றைக் கொடுத்து, "உப்பு, புளி, எண்ணெ மூணும் தொடக்கூடாது சார்" என்றார். நானும் தொடவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், அந்தக் குப்பையைத் தனியாக ஆக்கி, தனியாகத் துன்னுக்கினு, தட்டையும் தனியாகக் கழுவிக்கினு இருந்தேன். ஆனால் உன் கேப்ஸ்யூலை விடவில்லை. உப்பு கூடாதென்றாரே தவிர, அமெரிக்கா கூடாதென்று அவர் சொல்லவில்லையே! அப்புறம்தான் உடம்பெல்லாம் அரிப்பு, சோற்றைக் கண்டால் குமட்டல். கடைசியில் சலீம் கடையை மூடிவிட்டு என்னை ரயிலில் ஏற்றினான். பாகாலா தாண்டித் திருப்பதி வரும்வரை நான் சொறிந்துகொண்டே வந்ததில் எதிர்சீட்டு அம்மாள் இடம் மாறிப் போய்விட்டாள்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்தாள், ஸ்கேன் எடுத்தாள், வைரஸ் எதுவும் இல்லை என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, "மருந்தால வந்ததுன்னு காட்டறதுக்கு தனியா ஒரு டெஸ்ட் கிடையாது சார். நீங்க என்னென்ன சாப்பிட்டீங்க, எப்ப ஆரம்பிச்சீங்க, எப்ப நிறுத்தினீங்கன்னு சொல்றதுதான் டெஸ்ட்" என்றாள். ரேகா, உன் அம்மா போன பிறகு, என்ன சாப்பிட்டீர்கள் என்று என்னை ஒருவர் உட்கார்ந்து கேட்டது அன்றைக்குத்தான். விடுவேனா? காலை உப்புமாவில் ஆரம்பித்தேன். உன் அம்மா உப்புமாவுக்கும் என் உப்புமாவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். ரசம் ரெண்டு நாள் கெடாமல் இருப்பது எப்படி என்று சொன்னேன். "மருந்து மட்டும் சொல்லுங்க சார்" என்று பாவம் கெஞ்சினாள். பச்சிலை, சலீம் கொடுத்த முட்டித் தைலம், எல்லாம் சொன்னேன். உன் டப்பாக்களை மட்டும் சொல்லவில்லை. உன் பெயர் அந்த ஆராய்ச்சியில் ஏறக் கூடாது என்பது ஒன்று. இன்னொன்று, ஏறினால் பார்சல் நின்றுவிடும், ரமணா வேறு வீட்டு வாசலில் போய்க் கத்துவான்.

பழி பூராவும் செங்கல்வராயன் தலையில் விழப் பார்த்தது. சலீமுக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் சாவி வாங்கிச் சித்தூருக்குப் போய், வீட்டு அலமாரியில் இருந்ததையெல்லாம் ஒரு மாம்பழப் பெட்டியில் அள்ளி வந்து டாக்டரம்மா மேஜைமேல் கொட்டிவிட்டான். அவள் ஒவ்வொரு டப்பாவாகக் குலுக்கிப் பார்த்தாள். "இவ்ளோவும் ஏன் சார் போட்டீங்க?" என்றாள். "தேதி முடியப்போவுதேம்மா" என்றேன். தலையில் கைவைத்துக்கொண்டாள். "எல்லாம் இயற்கைன்னு எழுதியிருக்குதேம்மா" என்று காட்டினேன். "அது உங்களுக்கு எழுதினது சார், கல்லீரலுக்குப் படிக்கத் தெரியாது" என்றாள். எது கெடுத்தது என்று அவளாலும் சட்டென்று சொல்ல முடியவில்லை. அளவாகப் போட்டாலும் சிலருக்கு இப்படி ஆகுமாம், எதைப் போட்டாலும் முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டுமாம். ஆகவே உன்மேல் ஒரு தப்பும் இல்லை, நீ அழக் கூடாது. எல்லாவற்றையும் நிறுத்தினதும் கண் மெல்ல மெல்ல வெளுத்துவிட்டது.

இப்போது ஒரே தொந்தரவு, ஆராய்ச்சி ஆபீசிலிருந்து தனபாக்கியம் என்கிற நர்சு வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்கிறாள். "சாப்ட்டீங்களா சார்? தூக்கம் வருதா? அரிப்பு எதுனா கீதா? கண்ணு எப்படி கீது?" என்று கேட்பாள். அவள் சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பாள், நான்தான் பீர்க்கங்காய்க் கூட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போவேன். சிரிப்பாள், நல்ல பெண். வெள்ளிக்கிழமை என்றால் நான் ஷேவ் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். போனில் சட்டை தெரியாது என்று எனக்கும் தெரியும்.

ஆகவே என்னைப் பற்றி ஒரு கவலையும் வேண்டாம். கேட்க ஆள் இருக்கிறது, எதிரே சலீம் இருக்கிறான். லீவு போட்டு ஓடி வராதே, போனும் அடிக்கடி வேண்டாம், இங்கே பகல் என்றால் உனக்கு அங்கே தூக்கம் கெடும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மஞ்சள் குங்குமத்தோடு நூறு வயசு நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் நைனா
நாகபூஷணம்

பின்குறிப்பு: கவர் ஒட்டும்போது தனபாக்கியம் போன் வந்தது. "சந்தோஷமான சேதி சார், உங்க ரிப்போர்ட்டு நார்மல். உங்களது முடிஞ்சிபோச்சி, இனிமே போன் பண்ணி தொந்தரவு பண்ணமாட்டோம்" என்றாள். ரொம்ப சந்தோஷம்மா என்று வைத்துவிட்டேன். பீர்க்கங்காய் பற்றிக்கூடச் சொல்லவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் உன் பச்சைத் தேயிலை மாத்திரை டப்பா ஒன்று சலீம் கண்ணில் படாமல் கிடந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். தேதி இன்னும் இருக்கிறது. இதைப் போட்டுக்கினால் மறுபடி வெள்ளிக்கிழமை போன் வருமே என்று ஒரு நினைப்பு வந்தது ரேகா. பயந்துபோய்விட்டேன். மேலே போன் வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடு. வெள்ளிக்கிழமை தோறும் நீ கூப்பிடு. சாப்பிட்டியா, தூக்கம் வருதா, கண் எப்படி இருக்குது என்று அவள் கேட்பதையே நீ கேள், மாத்திரை போட்டியா என்று மட்டும் கேட்காதே. நீ கேட்ட அந்த நிமிஷமே டப்பாவைச் சலீமிடம் கொடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிடுகிறேன். இந்தக் கடிதம் எந்த வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வருமோ தெரியாது. அதனால் எல்லா வெள்ளிக்கிழமையும் ஷேவ் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பேன்.