கேள்வி அண்ணையும் என் பந்தயக் கேமும்

குடாநாட்டில் வைத்தியர்கள்கூட நோயாளியிடம் இரண்டு கேள்விக்கு மேல் கேட்பதில்லை. நெல்லியடியில் கராஜ் வைத்திருக்கும் கேள்வி அண்ணை ஒரு காருக்கு நாற்பது கேட்பார். அதுவும் காரைப் பற்றி அல்ல.

ஐம்பது வயதில் மற்றவர்களுக்குப் பக்தி வரும். எனக்கு வேகம் வந்தது. என் பழைய மொறிஸ் மைனர் காருக்குப் பெரிய எஞ்சினும், அதன் வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டான கேம் ஷாஃப்ட்டில் பந்தயக் கார்களுக்கானதும் போட வேண்டும். கொழும்பிலிருந்து தருவித்த கேமைத் துணியில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு அவரிடம் போனேன்.

"தம்பி, வீட்டிலையிருந்து சந்திக்கு எத்தினை வளைவு?"

"ஏழு."

"வழியிலை மாடு படுக்குமோ?"

"அண்ணை, நான் கேக்கிறது வேகம்!"

"உந்தக் கேம் பறக்கேக்கைதான் நல்லா மூச்சு விடும். ஊர்ந்தால் விக்கி நிண்டுடும். நீர் முதல் எங்கை ஓடப்போறீர்?"

உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அடுத்த மாதம் அக்கா மகனின் கலியாணம். மாப்பிள்ளை ஊர்வலம் என் காரில்.

அவர் தலையில் கை வைத்தார். "மேளக்காரருக்குப் பின்னாலை பந்தயக் கேமோ? எஞ்சினை ஆயிரத்து இருநூற்றெழுபத்தைஞ்சு சி.சி. ஆக்குவம். கேம் சாதுவான சாமான் போதும்."

விடுவேனா? எஞ்சின் பற்றி நான் படித்த மூன்று புத்தகங்களையும் ஒப்புவித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உம்மடை விருப்பம்" என்றார். அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கலியாணத்துக்கு முதல் நாள் கார் உறுமிக்கொண்டு கராஜிலிருந்து வந்தது. ஊர்வலத்தில் மேளக்காரர் பத்தடிக்கு ஒருமுறை நின்றார்கள். ஒரு வீட்டு வாசலில் தவில்காரருக்கு உற்சாகம் பிறந்து கால் மணி நேரம் நகரவில்லை. அக்கா யன்னலுக்குள் தலையை நீட்டினாள்.

"டேய், எஞ்சின் நிண்டுதெண்டால் சகுனப்பிழை. பிறகு என்ரை வாசல்படி மிதியாதை!"

எனக்கு வேட்டி நனைய வியர்த்தது. காரோ சிறுத்தைபோல உறுமியது, நத்தைபோல ஊர்ந்தது. ஒரு விக்கல் இல்லை. பொம்பிளை மாப்பிள்ளையோடு திரும்பும்போது வெறும் வீதியில் அக்சிலரேட்டரை மிதித்தேன். மாப்பிள்ளையின் தலைப்பாகை பின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது.

சும்மா இருப்பேனா? அன்றிரவுப் பந்தியில் பந்தயக் கேமின் மகிமை பற்றிப் பிரசங்கம் செய்தேன். எதிர்வரிசையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த கேள்வி அண்ணை தலையாட்டினார். "ஓம் தம்பி, பொல்லாத கேம்."

அடுத்த வாரம் ஒயில் மாற்றப் போனபோது ஒரு பொதியைக் கையில் தந்தார். அதே துணி. உள்ளே துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசிய என் கேம்.

"அப்ப அந்த உறுமல்?"

"சைலன்சரிலை பார்த்த வேலை. உமக்கும் ஒரு ஆசை இருக்குந்தானே."

கேம் இப்போது என் அலுமாரியில், அந்த மூன்று புத்தகங்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அது எஞ்சினுக்குள் இருப்பதாகவே ஊருக்குச் சொல்லித் திரிகிறேன், அவர் முன்னாலேயே. நாற்பது கேள்வி கேட்கிற மனிதர், "ஏன் தம்பி பொய் சொல்லுறீர்?" என்று மட்டும் இன்றுவரை கேட்கவில்லை.