இத்தாலியப் படத்துக்கு அத்தான் சொன்ன கதை

அன்புள்ள அத்தானுக்கு,

நலம் விசாரிப்பதை அடுத்த பத்திக்குத் தள்ளிவைக்கிறேன், செய்தி அவசரம். வரும் சனிக்கிழமை மாலை நம் நூலகக் கூடத்தில் அந்த ரயில் நிலையப் படத்தைத் திரையிடுகிறார்கள். வசனத்துக்கு அடியில் தமிழ் எழுத்தோடு. நூலகர் என்னிடம் நேரில் சொன்னார். அறிவிப்புப் பலகையிலும் பார்த்துவிட்டேன். அக்கா முன்வரிசையில் ஒரு நாற்காலி சொல்லிவைத்திருக்கிறாள். இது அக்காவே சொன்னது.

மற்றபடி இங்கு யாவரும் நலம். அங்கு உங்கள் தொண்டையும் மகளும் மருமகனும் நலம்தானே? "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு டிவி பாருங்களேன்" என்று அக்கா ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனவர், இன்னும் போனைக்கூட எடுப்பதில்லை. கேட்டால், "வாயை மூடச் சொன்னா, மூடிட்டேன்னு சொல்லு" என்று மகளிடம் சொல்லி அனுப்புகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம், கூரியரில்.

நீங்கள் போன பிறகு இங்கே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். புது நூலகர் சின்ன வயது, நல்லவர், படித்தவர். சனிக்கிழமைதோறும் இத்தாலியப் படம், வாரத்துக்கு ஒரு வகை என்று ஆரம்பித்தார். அவருக்கு என்ன தெரியும், இந்த ஊர் இத்தாலியப் படத்தைக் கரைத்துக் குடித்த ஊர் என்று? நம் பழைய கொட்டகையில் அவைதான் ஓடின. முதலாளிக்கு மலிவாகக் கிடைத்தன. மொழி ஒருவருக்கும் புரியவில்லை. அதனால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த உங்களைத் திரைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, கையில் மைக்கைக் கொடுத்து, "கதையைச் சொல்லுப்பா" என்றார். உங்களுக்கு இத்தாலி மொழியில் ஒரு வார்த்தை தெரியாது என்பது உங்கள் பக்கத்திலேயே நின்ற எனக்குத் தெரியும். கொட்டகைக்குத் தெரியாது. மைக்கில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, "இப்போ இவன் மனசுல என்ன ஓடுதுன்னா…" என்று நீங்கள் குரலைத் தாழ்த்தினால் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றியது போலிருக்கும். அந்த ஆட்கள்தான் இன்று தடியும் கண்ணாடியுமாக நூலகத்துக்கு வருகிறார்கள். வம்பு அங்கேதான்.

முதல் வாரம், போருக்குப் பிந்தைய ஏழைகளின் படம். நியோ ரியலிசம் என்று நூலகர் விளக்கினார். நிஜத் தெரு, நிஜ மனிதர்கள், ஒருவன் வேலை தேடி அலைகிறான், வேலை கிடைக்கவில்லை, படம் முடிந்தது. விளக்கைப் போட்டும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஓய்வுபெற்ற கண்டக்டர் கையைத் தூக்கி, "தம்பி, மீதி ரீல் எங்க?" என்றார். "அவ்வளவுதாங்க ஐயா." "எப்படிப்பா? இன்னும் மாறுவேடம் கலையலையே! அவரு சி.ஐ.டி. ஆச்சே!" அன்று மைக்கில் நீங்கள் கொடுத்த உத்தியோகம். நூலகர் பொறுமையாக, "இல்லைங்க, அவர் வேலையில்லாதவர், கடைசி வரைக்கும் வேலையில்லாதவர்தான்" என்றார். கண்டக்டர் தடியை ஊன்றிக்கொண்டார். "அப்போ இத்தனை வருஷமா அவன் சும்மாவா அலைஞ்சான்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாம் வாரம், இத்தாலிக்காரர்கள் எடுத்த கௌபாய் படம். இரண்டு பேர் புழுதியில் நின்று முறைத்துக்கொண்டே இருந்தார்கள். கண், துப்பாக்கி, கண், ஈ, மறுபடி கண். நீங்கள் அந்த முறைப்புக்குள் ஒரு குடும்பக் கதையையே நடத்துவீர்கள். குழந்தையில் பிரிந்த அண்ணன் தம்பி, தாயின் கண்ணீர், கழுத்தில் பாதிச் சங்கிலி. அடியில் எழுத்து ஒன்றும் வரவில்லை. பொறுக்க முடியாமல் தையற்காரர் எழுந்து, "யாராவது சொல்லித் தொலைங்கய்யா! கூடப் பொறந்தவனையே சுடப் போறான்!" என்று கத்தினார். சுட்டும் விட்டான். தையற்காரருக்குத் தண்ணீர் கொடுத்தோம்.

மூன்றாம் வாரம் கொலைப்படம். இந்த வகைக்கு அங்கே 'மஞ்சள்' என்று பெயராம். அந்தக் காலத் துப்பறியும் நாவல்களுக்கு மஞ்சள் அட்டையாம். கறுப்புக் கையுறை போட்ட கொலைகாரன் பல் டாக்டர்தான் என்று முதல் காட்சியிலேயே நீங்கள் சொன்னதும், நம் தெருப் பல் டாக்டரிடம் ஆறு மாதம் யாரும் வாயைத் திறக்காததும் நினைவிருக்கும். போன சனிக்கிழமை கையுறை கழன்றது. பூக்கடைக்காரி! டாக்டர் நாற்காலிமேல் ஏறி நின்று, "பார்த்துக்கங்க! எல்லாரும் நல்லாப் பார்த்துக்கங்க!" என்றார், இந்த வயதில். உங்கள் விலாசம் கேட்கிறார். இதுவரை கொடுக்கவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. வரும் சனிக்கிழமை, நாலாம் வாரம், அப்படியில்லை, அத்தான். சுரங்க வேலைக்குப் போன கணவனுக்காக ஒருத்தி தினமும் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள். கடைசியில் கணவனின் கோட்டோடு ஒருவன் இறங்குகிறான். வந்தவன் நண்பன், கணவன் சுரங்கத்தில் இறந்துபோனான். இது நூலகர் சொன்னது. நீங்கள் மைக்கில் சொன்னதோ, "தாடி வளர்ந்து முகம் மாறிடுச்சு, ஆனா கோட்டைப் பார்த்ததும் அவளுக்குப் புரிஞ்சுபோச்சு, சந்தோஷத்துல அழறா." அவன் கோட்டை ஏன் கையில் வைத்திருக்கிறான் என்று நான் கேட்டதற்கு, "வேர்க்குதுடா" என்றீர்கள். திரையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கதை சொன்னது யாரு?" என்று விசாரித்துக்கொண்டு வந்தவள்தான் என் அக்கா. "அவன் வந்து சேர்ந்துட்டான் பாரு, அதான் படம்" என்று இன்றைக்கும் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறாள். இப்போது நீங்களும் வீட்டில் இல்லை. இந்த நேரத்தில், அவன் செத்துப்போனான் என்று அடியில் கொட்டை எழுத்தில் வந்தால் அவள் என்ன ஆவாள்? கத்திச்சண்டைப் படம், மல்யுத்தப் படம் ஏதாவது மாற்றிப் போடுங்கள் என்று நூலகரிடம் கெஞ்சினேன், மாட்டேன் என்றார். அக்காவின் கண்ணாடியை ஒளித்துவைத்தேன், புதிதாக வாங்கிக்கொண்டாள். அதனால் வெள்ளிக்கிழமைக்குள் கிளம்பி வாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடத்தில் இருமுங்கள், தும்முங்கள், மயக்கம் போடுங்கள். அக்காவிடம் மட்டும் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள். உங்கள் ஆசியை எனக்கு அனுப்பவும். கூடவே நீங்களும் வரவும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் அக்கா இதைப் படித்துவிட்டாள். கோபப்படவில்லை. அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "டேய், அந்தப் படத்தை அன்னிக்கு ரெண்டு காட்சி பார்த்தேன். பகல் காட்சியில உங்க அத்தான் படத்தைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டு உள்ளதைத்தான் சொன்னாரு, அவன் செத்துட்டான்னு. நான் அழுத அழுகையில பக்கத்து சீட்டுக்காரம்மா எழுந்து வேற இடத்துக்குப் போயிட்டாங்க. மனசு கேக்காம சாயங்காலமும் போனேன். மைக்கோட திரும்பி என்னைப் பார்த்தாரு. அப்புறம்தான் அவனுக்குத் தாடி முளைச்சுது. பின்ன எதுக்குக் கட்டிக்கிட்டேன்னு நினைச்ச?" பகல் காட்சிக்கு நான் வரவில்லை, எனவே இதை உறுதிப்படுத்த வேண்டியவர் நீங்கள் ஒருவரே. பிறகு அவளே நூலகருக்குப் போன் போட்டாள். "அவர் வந்தா எழுத்தை எடுத்துட்டு மைக்கை வைங்க. வரலைன்னா எழுத்தோடயே ஓடட்டும். செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும்" என்றாள். மைக் தயார். வைப்பதா வேண்டாமா என்று வியாழன் மதியத்துக்குள் தெரியவேண்டும் என்கிறார் நூலகர்.