இருபது வருஷத்து அனுபவம்

‘நமக்குத் தெரியாததா’ என்று ஓர் இனம் இருக்கிறது. தேடிப் போக வேண்டாம். யார் எங்கே எதைக் கற்றுக்கொடுத்தாலும் அது கடைசி பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, சொல்பவர் சொல்லி முடிப்பதற்கு ஒரு நொடி முன்னதாகவே தலையாட்டும். நாம் பார்க்கப்போகிற அண்ணன் அதில் முதல் தரம்.

இருபது வருஷமாக வெல்டிங் வேலை. ‘சான்றிதழ் இல்லாதவர்கள் அடுத்த மாதத்திலிருந்து வெல்டிங் ராடைத் தொடக்கூடாது’ என்று கம்பெனி சொல்லிவிட்டதால், பன்னிரண்டு நாள் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார். தேறாவிட்டால் குடோனில் இரும்பு சுமக்க வேண்டும், பாதிச் சம்பளத்துக்கு. மகள் கல்லூரியில் சேரவேண்டிய வருஷம் வேறு. இதெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? சொல்லிக்கொடுப்பவர் தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், அதிலும் பெண் என்றதுமே அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் நாள் முழுக்கப் பாதுகாப்பு. தோல் கையுறை போட வேண்டும், பாலியஸ்டர் சட்டை கூடாது, முகத்துக்கு ஷீல்டு பிடிக்காமல் பொறியைப் பார்க்கவே கூடாது என்று பயிற்சியாளர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அண்ணன் பதிலுக்குச் சட்டைக் கையை மடித்துத் தழும்புகளைக் காட்டினார். ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு கதை. ஒவ்வொரு கதையிலும் மெஷின் மோசம், முதலாளி முட்டாள், அண்ணன் ஒருத்தர்தான் கெட்டிக்காரர். அன்றைக்கே வகுப்பு அவருக்கு ‘அனுபவம்’ என்று பேர் வைத்துவிட்டது. அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

“தகட்டைச் சேர்த்துச் சின்னதா ஒரு பொட்டு வைக்கிறதுக்கு ஷீல்டு எதுக்கு மேடம்? கண்ணை மூடிக்கிட்டாப் போதும்.”

“மூடினாலும் வெளிச்சம் உள்ள போகும்ணே.”

“என் கண்ணு என்னைக் கேக்காம எதையும் பாக்காதும்மா.”

பரீட்சைக்கு முந்தின நாள் பயிற்சியாளர் கொஞ்சம் வெளியே போனார். விடுவாரா அண்ணன்? எல்லாரையும் சுற்றி நிற்கவைத்து, ஒரு பழைய சட்டத்தில் நாற்பது பொட்டு வைத்துக் காட்டினார், ஷீல்டு இல்லாமல். கண்ணை மூடிக்கொண்டுதான் வைத்தார். ஆனால் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்க வேண்டாமா? பார்த்தார். நாற்பது தடவை பார்த்தார். மற்றவர்கள் இரண்டாவது பொட்டிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முன்பு ஆட்டோ ஓட்டிய ஒருவர் மட்டும் ஷீல்டை முகத்திலிருந்து எடுக்காமல் பார்த்தார். “பயந்தாங்கொள்ளி” என்றார் அண்ணன்.

விடிந்தபோது கண்ணுக்குள் ஒரு லோடு மணலைக் கொட்டினாற்போல் இருந்தது. திறந்தால் எரிச்சல், மூடினால் குத்தல்.

“மேடம்கிட்டச் சொல்லுங்க, வேற நாள் குடுப்பாங்க” என்றாள் மனைவி.

“சொன்னா மானம் கப்பலேறிடும்.”

அவள் கையைப் பிடித்துத்தான் பயிற்சிக்கூட வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். பயிற்சியாளர் கேட்டதற்குத் தூசி விழுந்துவிட்டது என்றார். வழிகிற கண்ணீரை மறைக்க வேண்டுமே, அதற்காக வாழ்க்கையில் முதல்முறையாக ஷீல்டை ஒழுங்காக மாட்டிக்கொண்டார்.

பொய் சொல்லக்கூடாது, கை சுத்தமான கை. ஒரே அகலம், ஒரே சீர், தையல் போட்டாற்போல நேர்கோடு. என்ன, இரண்டு தகடும் சேர்கிற இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் போயிருந்தது. பயிற்சியாளர் அதை இறுக்கிப் பிடிக்கிற வைஸில் மாட்டிச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு தகடு வைஸில் நின்றது. இன்னொன்று அண்ணன் காலடியில் விழுந்தது.

“எல்லாம் இந்த ஷீல்டால வந்த வினை” என்றார் அண்ணன். “இருபது வருஷத்துல இன்னிக்குத்தான் ஒழுங்கா மாட்டினேன், பாருங்க மேடம்.”

இப்போது குடோனிலிருந்து இரும்பு சுமந்துவந்து, தேறி அதே கம்பெனியில் வெல்டராகச் சேர்ந்துவிட்ட ஆட்டோக்காரரின் மேஜையில் போடுகிறார். போட்டுவிட்டுச் சும்மா போவதில்லை. “ராடை இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். மகளின் கல்லூரி அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. அந்தப் பெண்ணை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்குமே? அவரிடமே இதைக் கொடுங்கள். ஆனால் போன வாரம் மெயின் சுவிட்சை அணைக்காமல் ஃபியூஸில் கைவைத்தது யார்? வீட்டில் கேட்டதற்கு ‘எனக்குத் தெரியாதா’ என்று எரிந்து விழுந்தது யார்? அட, நான் கேட்டு முடிப்பதற்கு ஒரு நொடி முன்னதாகவே தலையாட்டிவிட்டீர்களே.