வெந்நீர் இயந்திரத்தின் மீது ஒழுங்கு நடவடிக்கை

உலகம் எத்தனையோ நிர்வாகிகளைப் பார்த்திருக்கிறது. ஆனால் பணி ஓய்வுக்குப் பிறகும் சும்மா இராமல், வீட்டிலுள்ள மின்விசிறி, மிக்ஸி, அழைப்புமணி அனைத்தையும் நேரடிக் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு அவற்றை நல்வழிப்படுத்திய மாமேதை என் மாமனார் ஒருவர்தான். பெரிய கம்பெனி ஒன்றில் பணியாளர் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். அவர் தொண்டையைக் கனைத்தால் மூன்று மாடிகளில் நாற்காலிகள் நகரும் என்பார்கள். ஓய்வு பெற்ற மறுநாளே அந்த மூன்று மாடிகளின் வேலையும் எங்கள் மூவர் தலையில் விழுந்தது. அதாவது அத்தை, என் மனைவி, வீட்டோடு மாப்பிள்ளையான நான்.

குளியலறைச் சுவரில் மாட்டியிருந்த கேஸ் ஹீட்டர்தான் அவருடைய நிர்வாகத் திறனுக்குச் சவால் விட்டது.

முதல் குற்றம் சிறியது. குழாயைத் திறந்தால் ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும், தீ பிடிக்காது. மாமா அதன் முன்னால் நின்று, “இதுதான் கடைசி எச்சரிக்கை” என்றார். அன்று மாலை என் மனைவி பழைய பேட்டரிகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட்டாள். மறுநாள் தீ பிடித்தது. “கண்டிச்சாத்தான் வழிக்கு வரும்” என்றார் மாமா. இரண்டாவது குற்றம், குழாயைப் பாதி திறந்தால் ஹீட்டர் எரிய மறுத்தது. தண்ணீர் வேகம் குறைந்தால் அது எரியாதாம். அரை வேலைக்கு வரமாட்டேன் என்று ஒரு ஊழியன் சொல்வதை மாமாவால் எப்படிப் பொறுத்துக்கொள்ள முடியும்? இருந்தாலும் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

குளிர்காலம் வந்தது. குளியலறை ஜன்னல் வழியாகக் குளிர்காற்று ‘முன் அனுமதியின்றி’ உள்ளே நுழைவதை மாமா கண்டுபிடித்தார். ஜன்னல், அதற்கு மேலிருந்த காற்றுத் துவாரம் இரண்டையும் பிளாஸ்டிக் தாள் வைத்து, பசை நாடாவால் சுற்றிலும் ஒட்டினார். கதவின் அடியில் பழைய துணியைத் திணித்தார். கொசு கூட விண்ணப்பம் போட்டுத்தான் வரவேண்டும்.

அதற்கடுத்த நாளிலிருந்துதான் மூன்றாவது குற்றம் ஆரம்பமானது. மாமா தலைக்கு சோப்புப் போட்டு நிற்கும்போது ஹீட்டர் தானாக அணைந்தது. ஒரு நாள் அல்ல, தினமும். துண்டைக் கட்டிக்கொண்டு, காதில் நுரையோடு, ஹாலுக்கு வந்து நின்று முழங்கினார்.

“வேலை நேரத்துல இடத்த விட்டுப் போறான்! இதுக்குப் பேரு என்ன தெரியுமா மாப்பிள்ளை?”

“ஒழுங்கீனம் மாமா” என்றேன். அந்த வீட்டில் எதிர்க்கட்சித் தலைவர் பதவி எப்போதும் காலியாகவே இருந்தது. சாப்பாட்டை உத்தேசித்து நான் அதற்குப் போட்டியிடவில்லை.

என் மனைவி ஹீட்டரோடு வந்த கையேட்டை எடுத்து வந்தாள். “அப்பா, உள்ள காத்து பத்தலைன்னா அதுவே நின்னுடுமாம். நல்லதுக்குத்தான். ஜன்னலத் திறந்து வச்சா போதும்.”

“அந்தப் புஸ்தகத்த எழுதினது யாரு?”

“ஹீட்டர் செஞ்ச கம்பெனிதான்.”

“அதானே பாத்தேன்! குற்றவாளியோட சொந்தக்காரன் சாட்சி செல்லாது.”

ஞாயிற்றுக்கிழமை விசாரணை நடந்தது. குளியலறைக் கதவு திறந்து வைக்கப்பட்டது. வாசலில் நாற்காலி போட்டு மாமா அமர்ந்தார். குற்றச்சாட்டை உரக்கச் சொன்னார். ஹீட்டர் பதில் சொல்லவில்லை. மௌனம் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பணியிடை நீக்கம் செய்தால் பச்சைத் தண்ணீரில் குளிக்க நேரும் என்பதால், அந்தத் தண்டனை மட்டும் கருணையோடு கைவிடப்பட்டது.

“உனக்கு ஏதாவது சொல்லணுமா?” என்று மாமா அத்தையைக் கேட்டார்.

“எனக்கென்ன தெரியும், நீங்க பாத்துச் செய்ங்க” என்றார் அத்தை. ஆள் வைத்து ஹீட்டரைத் திருத்துவது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

தண்டனையை நிறைவேற்ற மெக்கானிக் வந்தார். மூடியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார்.

“சென்ஸார் வேல சார். எல்லா வீட்லயும் இதே தொல்லதான். அதோட வயரக் கழட்டிவிட்டுடவா? அப்புறம் வாயே திறக்காது.”

“அப்படிப்பட்ட ஆளத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன்!” என்று மாமா அவருக்குக் கை கொடுத்தார். ஜன்னலைப் பற்றி மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்கு மேல் பேசாத அவருடைய தொழில்பக்தியை மாமா வெகுவாகப் பாராட்டினார்.

ஹீட்டர் அதன்பின் அடங்கி ஒடுங்கி உழைத்தது. எவ்வளவு நேரம் குளித்தாலும் அணையவில்லை. நீலமாக எரிந்த தீ மஞ்சளாக மாறியது. “பொன் நிறம்! சந்தோஷமா வேல செய்றான்” என்றார் மாமா. காபி கொடுக்க நேரமாகிவிட்டால் எங்களைப் பார்த்து, “அந்த ஹீட்டரப் பாத்துக் கத்துக்குங்க” என்பார்.

குளித்துவிட்டு வந்தால் எங்கள் எல்லோருக்கும் தலை கனத்தது. அது ‘நல்ல குளியலின் அசதி’ என்று அறிவிக்கப்பட்டது. அத்தைக்குத் தலைவலியோடு குமட்டலும் இருந்தது. வீட்டுத் துணியெல்லாம் குளியலறையில் வெந்நீர் விட்டுத் துவைப்பவர் அவர். மற்றவர்களைவிட நெடுநேரம் உள்ளே இருப்பார்.

“தல சுத்துதுங்க” என்றார் ஒரு நாள்.

“வேல செய்ய மனசில்லாதவங்களுக்கு வர்ற வியாதி இது. ஆஃபீஸ்ல எத்தன பேரப் பாத்திருக்கேன்!” என்றார் மாமா. அத்தை ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு துணியை ஊறவைக்கப் போய்விட்டார்.

அன்றைக்கு அத்தை உள்ளே போய் வெகுநேரம் ஆகிவிட்டது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. மாமா நாற்காலியில் சாய்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு ரசித்தார்.

“பாத்தீங்களா மாப்பிள்ளை? ஒரு நிமிஷம் கூட நிக்காம ஓடறான். இதுதான் நிர்வாகம்!”

என் மனைவி கதவைத் தட்டினாள். “அம்மா... அம்மா!” பதில் இல்லை. அவள் என்னைக் கூப்பிட்டாள். இருவரும் தோளால் மோதினோம். மூன்றாவது மோதலில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. உள்ளே ஒரே ஆவி. துணி வாளிக்குப் பக்கத்தில் அத்தை சுருண்டு கிடந்தார். மேலே ஹீட்டர் பொன் நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. என் மனைவி அதை அணைத்தாள். நான் ஜன்னல் தாளைக் கிழித்தேன். நாடா விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. அத்தையை பால்கனிக்குத் தூக்கி வந்து கிடத்தினோம். மாமா, “எழுந்திரு, எழுந்திரு” என்று உத்தரவிட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய உத்தரவுக்கு அத்தை கீழ்ப்படியாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். பயத்தில் எனக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். சாயங்காலம் அத்தை கண்ணைத் திறந்தார். பிழைத்துவிட்டார். டாக்டரம்மா கட்டிலருகே வந்து நின்றார்.

“மூடின ரூம்ல கேஸ் எரிஞ்சா விஷ வாயு வரும்மா. அதுக்கு வாசனையே கிடையாது. உங்க ஹீட்டர்ல தானா அணைக்கிற சென்ஸார் இருந்திருக்கணுமே?”

மாமா தொண்டையைக் கனைத்தார். நாற்காலி எதுவும் நகரவில்லை.

“இருந்துச்சு டாக்டர். ஆனா அது சரியா வேல செய்யல.”

அத்தை மூக்கிலிருந்த முகமூடியை மெதுவாக விலக்கினார்.

“நல்லாத்தான் வேல செஞ்சுது டாக்டர். எங்க வீட்ல இவர எதிர்த்து நின்னது அது ஒண்ணுதான். ஆள் வச்சு அதையும் எங்கள மாதிரி ஆக்கிட்டாரு.”