நூறாண்டு கண்ட ஒழுக்கு

எங்கள் புறநகர் ஆங்கிலிக்கன் ஆலயத்துக்கு நூறு வயது நிறைவதை முன்னிட்டு, அதன் வரலாற்றை எழுதி வெளியிடுவது என்று சபைக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. யார் எழுதுவது என்று வந்தபோது எல்லோரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். நான் மட்டும் அசட்டுத்தனமாக நிமிர்ந்து பார்த்துவிட்டேன்.

நான் குழுவின் செயலாளர். பதவி மாமனார் வழியில் வந்தது. அவர் எனக்குத் தம் மகளையும் கொடுத்தார், பழைய கூட்டக் குறிப்பேடுகள் அடங்கிய தகரப் பெட்டியையும் கொடுத்தார். மகள் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கிறாள். பெட்டியைப் பதினோரு வருஷமாக நான் திறந்ததில்லை.

வரலாறு எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் சுயநலமும் உண்டு. மணிக்கோபுரமும் கூரையும் சேரும் மூலையில் ஓர் ஒழுக்கு. அது நேராக ஆர்கன் மேல்தான் சொட்டும். மழைக்காலத்தில் என் மனைவி ஆர்கனுக்கு என் மழைக்கோட்டைப் போர்த்தி, அதற்குள் கையை விட்டு வாசிப்பாள். மரம் உப்பி ஏழு கட்டைகள் ஏற்கெனவே ஊமை.

"இன்னொரு மழைய இது தாங்காதுங்க" என்றாள்.

நூறு வருஷக் கட்டடம் என்று நிரூபித்தால் தொன்மைப் பாதுகாப்பு அலுவலகமே கூரையைச் சரிசெய்து தரும் என்று கேள்வி. இப்போது தொன்மைக்கு ஏக மவுசு. எங்கள் தெரு சலூன்காரர்கூடப் பெயர்ப்பலகையில் 'பாரம்பரிய' என்று சேர்த்துவிட்டார். கடைக்கு வயது நாலு.

பெட்டியைத் திறந்தேன். முதல் ஏடு, முதல் பக்கம், ஆலயம் திறந்த மூன்றாவது வாரம்: "கோபுர மூலையில் ஒழுகுவது குறித்து விவாதிக்கப்பட்டது. துணைக்குழு அமைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்."

அடுத்த கூட்டத்திலும் அதேதான். அதற்கடுத்த கூட்டத்திலும் அதேதான். ரயில் வந்தது, தோப்பெல்லாம் வீடானது, குருவானவர்கள் வந்து போனார்கள், ஓடுகூட இரண்டு தடவை மாறியது. அந்த மூலை மட்டும் ஒப்பந்தத்தில் இல்லை என்று இரண்டு தடவையும் விடுபட்டது. மாமனார் கையெழுத்தில் அந்த வாக்கியம் முப்பத்தொரு முறை வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு நான் எழுதிய ஏட்டையும் எடுத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு முறை. சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

வெட்கத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதி அனுப்பிவிட்டேன். வரலாறு எழுதுபவன் செய்யக்கூடாத காரியம் அது.

தொன்மை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். பதவிசான மனிதர். செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றினார்.

"இந்த ஓடு?"

"இருபது வருஷம் ஆச்சு சார்."

"பெஞ்சு?"

"போன குருவானவர் வாங்கிப் போட்டது."

"தரை?"

"அது போன வருஷம்தான்."

அதிகாரி குறிப்பேட்டை மூடினார். "அப்போ இந்தக் கட்டடத்துல நூறு வருஷமா மாறாம இருக்கிறது அந்த ஒழுக்கு ஒண்ணுதான்."

"ஆமா சார்" என்றேன் ஆர்வமாக. காரியம் கைகூடிவிட்டது என்று நினைத்தேன்.

"அதுக்கு ஆதாரம் வேற வரிசையா எழுத்துல இருக்கு. இவ்வளவு பொறுப்பா ஒரு சபை எதையும் காப்பாத்தி நான் பாத்ததில்ல" என்றார். ஒழுக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இரண்டு வாரத்தில் ஆணை வந்தது. "மேற்படி ஒழுக்கு பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னமாக இதனால் அறிவிக்கப்படுகிறது. அதை அடைப்பதோ, திசைதிருப்புவதோ, அது இயல்பாக விழும் இடத்திலுள்ள பொருள்களை நகர்த்துவதோ தண்டனைக்குரிய குற்றமாகும்." கூடவே சுவரில் பதிக்க ஒரு பித்தளைத் தகடு.

சபை பூரித்துப் போயிற்று. "எங்க தாத்தா இதுலதான் நனைஞ்சார்" என்று பொருளாளர் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். பக்கத்துச் சபைக்காரர்கள் தங்கள் கூரையில் தோதான இடம் தேட ஆரம்பித்தார்கள்.

"ஆர்கன்?" என்றாள் மனைவி.

"நகர்த்தக் கூடாதாம்."

அவள் மழைக்கோட்டை மடித்து என் கையில் கொடுத்தாள்.

மறுநாள், பக்கத்து மனையில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த கொத்தனாரை அவள் கூப்பிட்டாள். அவர் ஏணியில் ஏறி, இரண்டு கரண்டி கலவையை அப்பி, தேய்த்துவிட்டு இறங்கினார். நூறு வருஷமும் நூற்றுக்கணக்கான துணைக்குழுவும் பார்த்த வேலை, ஏணியை நான் பிடித்துக்கொண்ட நேரம் உட்பட, பத்து நிமிஷம்.

அந்த ஞாயிறு ஆராதனையில் மழை வெளுத்து வாங்கியது. சபையே அண்ணாந்து காத்திருந்தது. ஒரு சொட்டு விழவில்லை. ஆராதனை முடிந்த கையோடு அவசரக் கூட்டம்.

"செயலாளரே, ஒழுக்கு எங்க?" என்றார் குருவானவர்.

"நின்னு போச்சு ஐயா."

"எத்தனை பேர் கட்டிக் காத்தது, உங்க காலத்துலயா நிக்கணும்?"

"அதிகாரி பாத்தா தகட்டைக் கழட்டிட்டுப் போயிடுவார். உடனே ஓட்டை போடணும்" என்றார் பொருளாளர்.

அதே கொத்தனாரை அழைத்து வந்தார்கள். அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள்.

"போடலாங்க" என்றார் அவர். "ஆனா பழைய ஓட்டை மாதிரி வராது. அது தானா வந்தது."

ஓட்டை போடும் பொறுப்பை யார் ஏற்பது என்றதும் எல்லோரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். இந்த முறை நான் தெரிந்தே நிமிர்ந்தேன்.

"ஒரு துணைக்குழு போடலாமே?"

எல்லோர் முகத்திலும் உயிர் வந்தது. ஏகமனதாக என்னையே அமைப்பாளர் ஆக்கினார்கள். தொன்மை அலுவலகத்துக்கும் முறைப்படி தெரிவித்தோம். தங்கள் அலுவலகத்திலும் இதற்கென ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஏழு கட்டைகளில் ஐந்துக்குக் குரல் திரும்பிவிட்டது. நேற்றைய கூட்டக் குறிப்பை வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்: "கோபுர மூலையில் ஒழுகாதது குறித்து விவாதிக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும்."

மனைவி பின்னால் நின்று படித்தாள்.

"இந்த ஒரு வேலையையாவது ஒழுங்கா செய்யுங்க" என்றாள். "ஒண்ணும் பண்ணிடாதீங்க."