வாசற்கதவில் நான் படரவிட்ட கொடி

அன்று இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான், என் கணவர், அடுத்த வீட்டுச் செல்லத்தாய், எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் பலவேசம் அண்ணாச்சி. அழைக்காமல் வந்து நின்ற தெருக்காரர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அன்றைய வேலை ஒன்றுதான். வாசற்கதவை அழகுபடுத்த வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தாவரவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது வாடகை வீடு. பலவேசம் அண்ணாச்சிக்கு அந்த வீட்டைத் தம் மருமகனுக்குக் கொடுக்க ஆசை. எங்களை வெளியேற்ற அவருக்கு ஒரு காரணம் வேண்டும். அது கதவில் கிடைத்தது.

"என்ன டீச்சர், வாசக்கதவு மாட்டுத்தொழுவம் கணக்கா கெடக்கு? வீட்டப் பேணத் தெரியாதவங்க குடியிருந்தா எப்பிடி? சனிக்கிழம சாயந்தரம் வாரேன். இப்பிடியே கெடந்துச்சுன்னா வேற வீடு பாத்துக்கோங்க."

வேறு வீடு! ஊர் முழுக்கத் தறி போட்டிருந்தார்கள். கட்டில் போட இடம் கேட்டால் சிரிப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு மாதப் பத்திரிகை என் கையில் அகப்பட்டது. 'மொட்டைக் கதவும் புன்னகைக்கும்' என்று ஒரு கட்டுரை. எழுதிய அம்மையார் தம் வாழ்நாளில் கதவைத் திறந்ததுண்டே தவிரத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. ஆயினும் முழுவதும் படித்தேன். படித்தவர்களுக்கு உள்ள நோய் இது. அச்சில் இருந்தால் நம்பிவிடுவோம்.

பழைய எக்ஸ்ரே பிலிமில் பூங்கொடி வடிவத்தை வெட்டிக்கொள்ள வேண்டுமாம். கதவில் வைத்துப் பஞ்சால் இனாமல் பெயிண்டை ஒற்ற வேண்டுமாம். அவ்வளவுதானாம்.

வீட்டில் ஒரே ஒரு எக்ஸ்ரே இருந்தது. கத்தரிக்கோலை எடுத்ததும் என் கணவர் ஓடி வந்தார்.

"ஏட்டி, அது என் நெஞ்சுல்லா!"

"உங்க நெஞ்சுல ஒண்ணுமே இல்லைன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரே. பெறவு எதுக்குப் பத்திரம்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பத்திரிகைக் கொடியில் மூன்று இலைதான். தாவரவியல் படித்தவள் அதோடு நிறுத்துவேனா? வேலியில் படரும் ஐவிரலிக் கொடியின் வடிவத்தைப் பிலிமில் வெட்டிக் கதவில் ஒற்றினேன். அடியிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் தண்டு. உச்சியில் ஐந்து விரலாய் விரிந்த ஒரே இலை. வெறுமையாகத் தெரிந்தால் சிவப்புப் பழங்களைப் புள்ளியாக வைக்கலாம் என்று அம்மையார் எழுதியிருந்தார். விரலுக்கு இரண்டாக வைத்தேன். இலையின்மேல் பழம் காய்க்காது என்று எனக்குத் தெரியும். அழகுக்காகப் படிப்பைச் சற்று ஒதுக்கி வைத்தேன். அதன் பலனை உடனே அனுபவித்தேன்.

கையில் ஒட்டிய பெயிண்டை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கப் பின்கட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் குலவைச் சத்தம்!

"ஏட்டி, எல்லாரும் ஓடியாங்கட்டி! டீச்சர் வீட்டுக் கதவுல அஞ்சு தல நாகம் எறங்கிருக்கு!"

செல்லத்தாய்தான். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

நான் வெளியே வருவதற்குள் கதவடியில் ஒரு தம்ளர் பால் இருந்தது. பக்கத்தில் ஒரு முட்டை. செல்லத்தாய் கை நிறைய மஞ்சள்தூளை அள்ளி என் கொடியின் தலையில் அப்பிக்கொண்டிருந்தாள். ஈர இனாமலில் விழுந்த மஞ்சள் இனி உதிருமா? அதுவரை ஐயத்துக்கு இடமிருந்தது. மஞ்சள் ஏறியதும் எனக்கே அது படமெடுத்து நின்றது.

"செல்லத்தாய், அது பாம்பு இல்ல. கொடி. அது எலை."

"எலைக்குக் கண்ணு உண்டுமா டீச்சரம்மா?"

"கண்ணு இல்ல, பழம்!"

"எலமேல பழம் காய்க்குமா? இப்பிடித்தான் பள்ளிக்கூடத்துல எம்மவ பேச்சிக்குப் பாடம் சொல்லிக் குடுக்கீகளா?"

கூட்டம் சிரித்தது. தாவரவியல் அவள் பக்கம்தான் இருந்தது.

துணியை மண்ணெண்ணெயில் நனைத்து எடுத்து வந்தேன். செல்லத்தாய் கதவை மறித்து நின்றாள். "தொட்டுராதீக! நாகங்களே வந்து தவம் இருந்த இந்த ஊருல இருந்துக்கிட்டு நாகத்து மேல மண்ணெண்ண ஊத்துவீகளோ?" அதற்குள் சூடம் கொளுத்திவிட்டார்கள். என் கணவர் அவர்களோடு நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நீங்களுமா?" என்றேன்.

"என் நெஞ்சுல இருந்துல்லா வந்திருக்கு," என்றார்.

அப்போது பலவேசம் அண்ணாச்சி சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தார். சண்டைக்கென்றே தயாரித்த முகம். கூட்டம் வழி விட்டது. கதவைப் பார்த்தார். முகம் அவிழ்ந்தது. செருப்பைக் கழற்றினார். தோள்துண்டு இடுப்புக்கு இறங்கியது.

"டீச்சர், இது எப்ப வந்துச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தானாக வந்தது என்று ஒரு சொல் சொன்னால் வீடு தங்கும். வகுப்பில் பொய் சொன்ன பெண்களைப் பெஞ்சு மேல் ஏற்றியவள் நான்.

"தானா வரல அண்ணாச்சி. நான்தான் போட்டேன். எக்ஸ்ரே பிலிம வெட்டி, இனாமல் பெயிண்டுல."

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தீகளா அண்ணாச்சி!" என்று கத்தினாள் செல்லத்தாய். "டீச்சரம்மா கொடின்னு நெனச்சுத்தான் போட்டிருக்காக. அது நாகமா வந்து நிக்கி. அவுக கைய வச்சு அதுவா எறங்கிருக்கு!"

நான் மறுத்துப் பேசியது எதுவும் எவர் காதிலும் ஏறவில்லை. முதுகலைப் பட்டம் பெற்ற பிறகு என்னை ஊரே ஒருமனதாக நம்ப மறுத்தது அதுதான் முதல் முறை.

அண்ணாச்சி மூன்று முறை விழுந்து கும்பிட்டு எழுந்தார். "டீச்சர், நீங்க இந்த வீட்ட விட்டு எங்கயும் போகக்கூடாது. உங்க இஷ்டம் போல இருந்துக்கோங்க."

எனக்கு மூச்சு வந்தது.

அவர் கதவை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். "இந்தக் கதவு யாருது?"

"உங்களுதுதான் அண்ணாச்சி," என்றேன். உண்மை பேசும் பழக்கம் அன்று என்னை விடவேயில்லை.

கீலில்லாமல், குழியில் குடுமி ஊன்றி நிற்கும் பழைய ஒற்றைக் கதவு அது. அண்ணாச்சி அதைத் தூக்கி நிலையிலிருந்து கழற்றினார். செல்லத்தாய் ஒரு பக்கம் தாங்க, தலைமேல் ஏற்றிக்கொண்டார். யாரையும் திரும்பிப் பார்க்காமல் தம் வீட்டை நோக்கி நடந்துவிட்டார்.

வீடு எங்களுக்கு நிலைத்தது, நிலைக்குத்தான் கதவில்லை.