எண்ணெய்ச்சட்டி அண்ணாச்சியும் புளியங்குடித் தலையும்

பிறத்தியார் தலையைப் பற்றி எங்கள் எண்ணெய்ச்சட்டி அண்ணாச்சியைப் போலக் கவலைப்பட்ட மனிதர் இந்த உலகத்திலேயே கிடையாது. தென்காசியில் எங்கள் தெருமுனையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கடையில் பாதி சைக்கிளுக்கு பிரேக் இருக்காது. அதைப் பற்றியெல்லாம் அவருக்குக் கவலையில்லை. சைக்கிள் எடுக்க வருகிறவன் தலையில் எண்ணெய் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் விசாரித்ததில்லை.

வாசுதேவநல்லூரிலிருந்து கல்யாணமாகி நான் அந்தத் தெருவுக்கு வந்தது ஐம்பதுகளின் கடைசியில். ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் பிள்ளை குட்டி, சோற்றுமூட்டை சகிதம் தெருவே குற்றாலத்துக்குக் கிளம்பும். காசா, பணமா? அருவி எல்லார் தலையிலும் இலவசமாகத்தானே கொட்டுகிறது! நடுவில் அண்ணாச்சியின் சட்டம் ஒன்றுதான் குறுக்கே நிற்கும். எண்ணெய் தேய்க்காத தலையோடு அருவியில் நின்றால் ஜன்னி வந்து ஆள் காலி என்பது அவர் கட்சி. மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஒரு பித்தளைத் தூக்குச்சட்டியில் கொண்டுவருவார். பெண்களுக்கு அவர் மனைவி, நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம், வைத்துவிடுவாள். ஆண்கள் எல்லாம் அண்ணாச்சி பொறுப்பு. தெரிந்தவன், தெரியாதவன் என்ற பேச்சே இல்லை. பின்னால் வந்து உச்சந்தலையில் தொப்பென்று ஒரு கை எண்ணெயை அறைந்துவிட்டு, அப்புறம்தான் "எந்த ஊரு?" என்று கேட்பார்.

என் வீட்டுக்காரர் அப்போது சுருள் சுருளாக முடி வளர்த்து, மெட்ராஸிலிருந்து வரவழைத்த கிரீமைத் தடவிக்கொண்டு திரிவார். அண்ணாச்சி அதை மோந்து பார்த்துவிட்டு, "ஏலே, என்னலே இது, வண்டி மசகா?" என்று கேட்டுத் தேய்த்த தேய்ப்பில், மனுஷன் ஒரு வாரம் கண்ணாடி பக்கமே போகவில்லை. ஒரு வழுக்கைத் தலைக்காரர், "எனக்கு எதுக்கு அண்ணாச்சி?" என்று நழுவப் பார்த்தார்.

"உமக்குத்தான் வே ரெட்டிப்பா வேணும். தண்ணி நேரா விழுமே, தடுக்க அங்கன என்ன இருக்கு?"

காவலுக்கு நின்ற போலீஸ்காரரையும் விடவில்லை. தொப்பியைத் தூக்கிவிட்டு ஒரு அறை.

"ஓய், நான் டூட்டியில இருக்கேன்!"

"டூட்டி அது பாட்டுக்கு இருக்கட்டும். தல சூடாகுதுல்லா?"

தெருவே விழுந்து விழுந்து சிரிக்கும். செண்பகத்துக்கு மட்டும் சிரிப்பு வராது. அண்ணாச்சியின் ஒரே மகள் அவள். வந்த வரன் இரண்டும் அப்பாவின் எண்ணெயால் வழுக்கிப் போயிருந்தன. முதல் மாப்பிள்ளையிடம், காப்பி வருவதற்கு முன்பே, "தல இப்படிக் காஞ்சு கெடக்கே, ஆளு நெலைக்குமா?" என்று கேட்டுவிட்டார். அடுத்த மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பட்டுச் சட்டையோடு உட்காரவைத்துத் தேய்த்தே விட்டார். அந்தச் சட்டையோடு அந்தச் சம்பந்தமும் போயிற்று.

மூன்றாவதாகப் புளியங்குடியிலிருந்து ஒரு வரன் வந்தது. எலுமிச்சங்காய் கமிஷன் கடைக்காரர் மகன். சுரண்டையில் ஒரு கல்யாண வீட்டில் செண்பகம் அவனை ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். "அக்கா, இதுவும் தட்டிப் போச்சுன்னா நான் அப்பாகூடப் பேசவே மாட்டேன்" என்று என்னிடம் வந்து சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அண்ணாச்சி மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

வீட்டில் பெண் பார்த்து மறுபடியும் கெட்டால் அசிங்கம் என்று தரகர் ஒரு யோசனை சொன்னார். இரண்டு வீட்டுக்காரர்களும் அவரவர் பாட்டுக்குக் குற்றாலத்துக்கு வருவது. குளித்து முடித்துக் கோயில் வாசலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்திப்பது. பிடித்தால் பேச்சு, பிடிக்காவிட்டால் கும்பிடு. மாப்பிள்ளையின் அப்பாவை எங்களில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

கிளம்பும்போது மதினி தூக்குச்சட்டியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "இங்கேருங்க, இன்னிக்கு ஒரு நா கைய வச்சுக்கிட்டு சும்மா இருப்பியளா?"

"இருக்கேன்ட்டி. சத்தியமா இருக்கேன்."

இருந்தார், பாவம். எல்லோரும் குளிக்கப் போக, குரங்குகளிடமிருந்து புளியோதரையைக் காப்பாற்ற நான் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி என் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அப்போது பெரிய மனுஷர் ஒருவர் இடுப்பில் துண்டோடு தனியாக வந்தார். தேங்காய் நார் மாதிரி காய்ந்துபோன நரைத்த தலை. கால் விரலால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு தும்மல் போட்டார். அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். பெரியவர் இன்னொரு தும்மல் போட்டார்.

"தங்கச்சி, அந்தத் தலையப் பாத்தியா?"

"அண்ணாச்சி, சத்தியம் பண்ணியிருக்கிய!"

"சத்தியம் பெருசா, ஒரு உசுரு பெருசா?"

போய்விட்டார். எண்ணெய் தேய்த்துவிடும் ஆட்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவனிடமிருந்து கிண்ணத்தைப் பறித்தார். தொப்! பெரியவர் திரும்புவதற்குள் காதைத் திருகி, பிடரியைப் பிசைந்து, முதுகில் இரண்டு வைத்தார்.

"யாரு வே நீரு? விடும் வே!"

"நில்லும் வே! இந்தத் தலையோட உம்மை வெளிய விட்டிருக்காவளே, வீட்டுல மனுசங்க இல்லியா?" என்று சொல்லி அருவிக்குள் ஒரே தள்ளு.

திரும்பி வந்தபோது ஒரு உயிரைக் காப்பாற்றிய திருப்தி அவர் முகத்தில். "மதினிட்ட சொல்லிராத, என்ன" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கோயில் வாசலில் செண்பகம் ஈரத் தலையில் பூ வைத்துக்கொண்டு நின்றாள். சந்தனம் வாங்கப் போயிருந்த மாப்பிள்ளைப் பையனும் தரகரும் வந்தார்கள். பின்னாலேயே, புது வேட்டி கட்டி, நெற்றியிலிருந்து எண்ணெய் வழிந்து திருநீறெல்லாம் கரைய, அந்தப் பெரியவர்.

"இவிகதான் மாப்பிள்ளைக்கு அப்பா" என்றார் தரகர்.

அண்ணாச்சி அவசரமாகக் கையை வேட்டியில் துடைக்கப் பார்த்தார். மதினி அவர் கையைப் பார்த்தாள், விரலெல்லாம் எண்ணெய். செண்பகமும் பார்த்தாள். பொலபொலவென்று அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. தரகர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பவே தயாராகிவிட்டார்.

பெரியவர் அண்ணாச்சியை மேலும் கீழும் பார்த்தார்.

"வீட்டுல மனுசங்க இல்லியான்னு கேட்டீரே. இல்ல வே. பையனோட அம்மா போயி வருசம் ஆகுது. அவளுக்கப்புறம் என் தலைய ஒருத்தர் தொட்டது இன்னிக்குத்தான்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எண்ணெயைத்தான் துடைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். "அந்தக் குறை தீரத்தானே பொண்ணு பாக்க வந்திருக்கோம். ஏம்மா, அழாத. உங்கப்பாவ விடக் கொஞ்சம் பைய தேய்க்கத் தெரிஞ்சாப் போதும்."

பையன் சிரித்தான். செண்பகமும் அழுகையோடு சிரித்துவிட்டாள். ஆவணியிலேயே கல்யாணம் என்று அங்கேயே முடிவாயிற்று.

சாரலில் நனைந்துகொண்டே எல்லோரும் பஸ்ஸுக்கு நடந்தோம். அண்ணாச்சி பின்தங்கி என்னோடு வந்தார். வழியில் எத்தனையோ தலைகள் போயின, ஒன்றையும் அவர் பார்க்கவில்லை.

"தங்கச்சி, எம்பிள்ள வாழ்க்கையக் கெடுக்கப் பாத்தேனே. எல்லாரும் என்னைக் கிறுக்கன்னுதானே சொல்லுதாவ?"

ஆமாம் என்று சொல்லத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன்.

"யாரு சொல்லுதா? வரச் சொல்லுங்க என்கிட்ட!" என்றேன். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லை என்ற குறை அன்றோடு போயிற்று.